மூன்று இடப்பக்கங்கள் உள்ள கார்

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் கிடைத்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. போன வருடம் பிப்ரவரியில் மரீத்தா பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நலம் விசாரிக்கப் போனேன். கட்டுப் போட்ட கையோடு சமையலறையில் நின்றவள், நிலவறை ஃப்ரீசரிலிருந்து அரைத்த மான்கறிப் பொட்டலம் ஒன்று எடுத்துத்தரச் சொன்னாள். "மேலயே இருக்கும், தோண்டாதே" என்றாள். மேலே இருந்ததெல்லாம் ரொட்டி. நான் தோண்டினேன்.

காட்டுப் பெர்ரிப் பைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கட்டி, ஒரு காரின் உதிரிப் பாகங்கள் கிடந்தன. கதவுக் கைப்பிடி. ஜன்னலை இறக்கும் திருகு. பெட்ரோல் மூடி. சிவப்பாக, நீளமாக, பின்விளக்குக் கண்ணாடி ஒன்று. அதற்குக் கீழே அதே போல் இன்னொன்று.

கதை எழுதத் தெரிந்தவர்கள் இதைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருப்பார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. பதினாறு மாதமாக இதை எழுதுகிறேன். எழுதி எழுதி அலுத்துவிட்டது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒளித்து வைத்தவள் மரீத்தா. தேடிக்கொண்டிருந்தவன் அவள் கணவன் ரூனே. ஏன் என்பது மட்டும்தான் பாக்கி.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் சில:

"சுவீடனின் நடுப்பகுதியில், ஏரிகளும் காடுகளும் சூழ்ந்த—" (வேண்டாம். சுற்றுலாத் துறைக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது.)

"மனிதன் ஏன் ஒரு பொருளின் மேல், அது ஒருநாளும் பெறப்போகாத விலையை—" (இது கட்டுரை. அதிலும் நான் படிக்க விரும்பாத கட்டுரை.)

"அந்தக் கார் ஒரு பச்சைத் திமிங்கிலம்போல—" (திமிங்கிலம் இல்லை. கார்தான். 1960-இல் அமெரிக்காவில் செய்தது. பின்புறம் மீன்துடுப்புபோல் நீட்டிய இரண்டு தகரச் சிறகு. நீளம் எங்கள் வீட்டு வரவேற்பறையைவிட அதிகம். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை, அத்தனை வருடம் ஈரத்தில் கிடந்தால் எந்த இரும்பும் துருப்பிடிக்கத்தான் செய்யும்.)

இன்னொரு தொல்லை. இந்த ஊர் மொழியில் எல்லோருக்கும் ஒரே 'நீ'. மந்திரிக்கும் நீ, மருத்துவருக்கும் நீ. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. முதல் வரைவில் ரூனேயை 'அவர்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ அறங்காவலர் கேரேஜில் நின்று துரு சுரண்டுவதுபோல் இருந்தது. 'அவன்' ஆக்கினேன். இருபத்துமூன்று வருடப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அதுதான் சரி. என் பெயர் செழியன். அவர்கள் வாயில் 'ழி' நுழையாததால் நான் 'செலி'. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது மட்டும் நான் சேர்த்ததில்லை. இங்கே கொஞ்சலே அதுதான்.

3

பன்னிரண்டு வருடம் முன்பு ரூனே ஒரு ஒப்பந்தக்காரரிடம் பனி அள்ளும் வண்டி ஓட்டினான். குடித்தான். குடிக்கிற ஆட்கள் இந்த ஊரில் நிறைய. ரூனே வேலை நேரத்திலும் குடித்தான். ஒரு ஜனவரி காலையில், ஏழே முக்கால் மணிக்கு, அவன் வண்டியின் முன்னாலிருந்த பனி வாரும் தகடு ஒரு பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. கூண்டுக்குள் யாரும் இல்லை. பள்ளிப் பேருந்து அன்றைக்கு நான்கு நிமிடம் முன்னதாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

(இந்த நான்கு நிமிடம் நம்பும்படி இல்லை என்று எனக்கே தெரியும். கதைக்காகப் பத்து நிமிடம் ஆக்கிப் பார்த்தேன். பொய்யாகிவிட்டது. நான்கே இருக்கட்டும். ரூனேயும் நான்கு என்றுதான் சொல்வான். சொல்லும்போது நான்கு விரலைக் காட்டுவான்.)

வேலை போயிற்று. ஓட்டுநர் உரிமம் இரண்டு வருடத்துக்குப் போயிற்று. சிறைக்குப் பதிலாகக் காலில் கண்காணிப்பு மின்பட்டை கட்டி இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தான். பட்டை கழன்ற பிறகும் குடித்தான். மரீத்தா வயோதிகர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள். ஊரில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி உடை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் ஒருவனைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும்.

அந்த இலையுதிர்காலத்தில் அவன் அந்தக் காரை வாங்கினான். ஏரிக்கரையில் மூடிக்கிடந்த ஒரு நடனக் கூடத்தின் பின்னால் நின்றது. தரை முழுக்க ஓட்டை. சீட்டில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே புல் தெரியும்.

"லைசென்ஸ் போனவன் கார் வாங்கறான், பாத்தியா செலி?" என்று மரீத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "பல்லு எல்லாம் கொட்டினப்புறம் மொறுமொறு ரொட்டி வாங்கற மாதிரி!"

"அது ஓடாது, கிழவி!" ரூனே கேரேஜிலிருந்து பதிலுக்குக் கத்தினான். "ஓடாத காரை ஓட்ட எதுக்குடி லைசென்ஸ்?"

அந்தக் குளிர்காலம் முழுக்க கேரேஜிலிருந்து துரு தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம். என் மனைவிக்குத் தலைவலி. மரீத்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் என் தோளைத் தொட்டு, "பொறுத்துக்கோ செலி. அந்தச் சத்தம் கேக்கறவரைக்கும் அவன் கையில வேற எதுவும் இல்லைன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா ஓடிப்போய் எட்டிப் பாப்பேன்" என்றாள். என் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

பிறகு ரூனேக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் பாதி காருக்குப் போனது. தரைத் தகடு, கதவுகள், போலந்துக்கு அனுப்பி முலாம் பூசிய பம்பர்கள். அவன் குடிக்கவில்லை.

4

ஃப்ரீசருக்குத் திரும்புகிறேன். நான் மான்கறிப் பொட்டலத்தோடு மேலே வந்தபோது மரீத்தா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"தோண்டாதேன்னு சொன்னேன்ல?"

"மேல ரொட்டிதான் இருந்தது."

"ரொட்டிக்கு அடியில கறி. கறிக்கு அடியில பெர்ரி. கறி கிடைச்சப்புறம் நீ ஏன் பெர்ரிக்குப் போனே?"

எழுதுகிறவன் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். வெறும் வேவுப் புத்திதான்.

"உக்காரு. காபியை நீயே போடு, எனக்குக் கை இல்லை."

போட்டேன். அவள் இடது கையால் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அஞ்சு வருஷம் முன்னாடி, பெயின்ட் அடிச்சு வந்த அன்னைக்கு. அந்தப் பச்சையைப் பாத்து நானே அசந்துட்டேன், ஒத்துக்கறேன். இவன் என் தோள்ல கை போட்டுட்டு, 'கிழவி, இது முடியற அன்னைக்கு ஒரு கிளாஸ் ஷாம்பெயின் குடிப்போம். ஒரே ஒரு கிளாஸ். அன்னைக்கு மட்டும்'னான்."

"நீ என்ன சொன்னே?"

"'சரி கிழவா'ன்னேன். அஞ்சு வருஷமா ஒரு சொட்டு தொடாதவன்கிட்ட, அவ்வளவு சந்தோஷமா நிக்கறப்போ, வேற என்ன சொல்ல? மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் கேரேஜுக்குப் போனேன். கையில முதல்ல கிடைச்சதை எடுத்தேன். அந்தக் கைப்பிடி. எடுத்தப்புறம் எங்க வைக்கறதுன்னு தெரியல. பாவாடைப் பையில போட்டுட்டு அன்னைக்கு முழுக்க அஞ்சு கிழவிகளைக் குளிப்பாட்டினேன்."

"அவன் தேடலையா?"

"வாரக்கணக்கா தேடினான். அப்புறம், 'எனக்கு வயசாயிடுச்சு, வெச்ச இடம் மறந்துபோகுது'ன்னு சொல்லிட்டு அமெரிக்காவுக்கு ஆர்டர் போட்டான். வர மூணு மாசம் ஆச்சு." அவள் முன்னால் குனிந்தாள். "ஒரு கைப்பிடிக்கு மூணு மாசம், செலி! புரியுதா உனக்கு?"

புரிந்தது. கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்து அவள் வாங்கியது கைப்பிடி இல்லை, அவன் குடிக்காத மூன்று மாதம்.

"குடிக்காதேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"பதினெட்டு வருஷம் சொல்லியிருக்கேன். அது வேலை செய்யல. கைப்பிடி வேலை செஞ்சுது."

பிறகு, "அவன்கிட்ட மூச்சு விடாதே" என்றாள். விடமாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். தமிழில் எழுதினால் மூச்சு விட்டதாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தக் காலத்தில் ஃபோனைக் காகிதத்துக்கு மேல் பிடித்தால் எந்த மொழியும் எந்த மொழியாகவும் ஆகிவிடும் என்பது தெரிந்தே செய்தேன்.

5

என் தங்கை கோவையில் இருக்கிறாள். முதல் வரைவை அவளுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

"அண்ணா, இவ திருடி."

"அப்படிச் சொல்லாதே. அவ ஏன் செஞ்சான்னு—"

"ஏன் செஞ்சா என்ன? அந்த ஆளுக்கு மறதி நோய்னு அவரையே நம்ப வெச்சுட்டாளே, அது பாவமில்லையா? ராத்திரி படுத்துக்கிட்டு அவர் என்ன நினைச்சிருப்பார்? மூளை கரையுதுன்னு பயந்திருக்க மாட்டாரா? நீ என்னடான்னா அவளை தெய்வமாக்கி எழுதிட்டிருக்கே."

அதற்கு மேல் அந்த வரைவு நகரவில்லை. மரீத்தாவை மாற்றிப் பார்த்தேன். ஒரு வரைவில் அவள் ஃப்ரீசர் முன்னால் நின்று அழுதாள். ஆனால் மரீத்தா அழுகிறவள் இல்லை, குறுக்கெழுத்துப் போடுகிறவள். இன்னொன்றில் அவளைக் கொடுமைக்காரி ஆக்கினேன். அன்று மாலையே அவள் ஒற்றைக் கையால் சுட்ட ஏலக்காய் பன் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் கோணல். தின்றுவிட்டு அந்த வரைவையும் கிழித்தேன்.

தங்கை சொன்னது சரிதான். அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே வைக்கிறேன்.

6

போன செப்டம்பரில் ரூனே என்னைப் பழைய உதிரிப் பாகச் சந்தைக்குக் கூட்டிப்போனான். மழை பெய்த மைதானம். சேற்றில் பலகை போட்டு, அதன்மேல் உலகத்தில் யாருக்கும் வேண்டாத இரும்பையெல்லாம் பரப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஒரு கிழவரின் மேசை முன்னால் ரூனே நின்றான். சிவப்புப் பின்விளக்குக் கண்ணாடி. இடதுபக்கத்தது. அவர் நாலாயிரத்து ஐந்நூறு குரோனா கேட்டார். ரூனே பேரம் பேசாமல் கொடுத்தான். பிறகு இருவரும் ரொட்டிக்குள் வைத்த சாசேஜ் வாங்கி, வேனின் பின்கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்தோம்.

"இது மூணாவது" என்றான்.

"மூணாவதா?" என்றேன். நடிப்பு எனக்கு வராது.

"ரெண்டு வீட்ல இருக்கு. பெர்ரிக்கு அடியில." கடுகைத் துடைத்துக்கொண்டான். "முழிக்காதே. உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். போன பிப்ரவரியிலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்தா நிலவறைக் கதவைப் பாக்கவே மாட்டேங்கறே."

"உனக்கு எப்போ தெரியும்?"

"மூணு வருஷமாச்சு. ஃப்ரீசர்ல ஐஸ் தட்டறது யாருன்னு நினைச்சே?"

"தெரிஞ்சும் ஏன்டா வாங்கறே?"

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

"வாங்கலைன்னா தேடணும். தேடினா கிடைச்சிடும். கிடைச்சா மாட்டணும். மாட்டினா கார் முடிஞ்சுது."

"முடியறதுக்குத்தானே இவ்வளவும்?"

"ஒரு கிளாஸ் குடிக்கறேன்னு சொல்லித் தொலைச்சிருக்கேனே."

"குடிக்காம இரு. யார் கேக்கப்போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க." மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் அந்த ஒரு கிளாஸை அஞ்சாறு வருஷமா நினைச்சிட்டிருக்கேன், செலி. தினமும். அதோட நிறம் தெரியும். குமிழி மேல வர்ற வேகம் தெரியும். அதுக்கு அடுத்த கிளாஸும் தெரியும்."

"அவகிட்ட சொல்லேன்."

"சொன்னா ஒளிக்கறதை நிறுத்திடுவா. அப்புறம் என்னை யார் தடுப்பாங்க?"

மழை மறுபடி பிடித்தது. பின்கதவை இறக்கும்போது அவனும் அதையே சொன்னான்: "அவகிட்ட மூச்சு விடாதே."

(மறதி என்று பயந்தாயா என்று கேட்டேன். தங்கைக்காகக் கேட்டேன். "ஒரு வருஷம்" என்றான். "டாக்டர்கிட்டகூடப் போனேன். மறதி இருக்கான்னு பாக்க, கடிகாரம் வரையச் சொன்னா. நல்லா வரைஞ்சேன்." இதைத் தங்கையிடம் சொல்லவில்லை.)

ஆக இரண்டு பேர் ரகசியமும் என்னிடம், அதுவும் ஒரே ரகசியம். வேலிக்கு ஒரு பக்கம் இவள் சிரிப்பாள், மறுபக்கம் அவன் கையாட்டுவான். நடுவில் நின்று இலை கூட்டிக்கொண்டிருப்பேன். நான் களைத்துப்போயிருப்பதாக முதல் பகுதியில் சொன்னது இதனால்தான்.

7

இந்த மார்ச் மாதம் காப்பீட்டுக்காகக் காரை மதிப்பிட வேண்டியிருந்தது. பழைய கார்ச் சங்கத்திலிருந்து லெனார்ட் என்பவர் வந்தார். ஓய்வுபெற்ற பல்மருத்துவர். முன்மூடியைத் திறந்து, சின்ன டார்ச் அடித்து, உள்ளே தலையைச் சாய்த்து, காரை வாய்கொப்பளிக்கச் சொல்லப்போவதுபோல் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு காலணிகளைக் கழற்றிவிட்டு சமையலறைக்கு வந்தார். என்னையும் காபிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

(வெளியாளாகையால் லெனார்ட்டுக்கு 'நீங்க' கொடுத்திருக்கிறேன்.)

"அருமையான வேலை" என்றார். "ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் குரோனா போடலாம். சந்தையில அதுக்கு மேல போகாது."

"செலவு எவ்வளவுன்னு கேளுங்க" என்றாள் மரீத்தா.

"கிழவி."

"கேளுங்களேன்!"

ரூனே ரசீதுக் கோப்பை நகர்த்தினான். லெனார்ட் கடைசித் தாளில் இருந்த கூட்டுத்தொகையைப் படித்தார். ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மரீத்தா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "மிச்சமெல்லாம் எங்கே போச்சு, கிழவா? ஓட்டை வழியா கொட்டிடுச்சா?"

ரூனேயும் சிரித்தான். நானும் சிரித்தேன். லெனார்ட் மட்டும் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். முறையான மனிதர்.

"பின்விளக்குக் கண்ணாடி, இடது" என்று வாசித்தார். "ஆனா வண்டியில இடது பக்கம் வெறும் குழியாத்தானே இருக்கு?" இன்னொரு பக்கம் திருப்பினார். "மறுபடியும் இடது." இன்னும் கொஞ்சம் திருப்பினார். "மறுபடியும் இடது. உங்க காருக்கு எத்தனை இடது பக்கம்?"

மரீத்தா அப்போது அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தேன். அந்த வீட்டில் ஐந்தாறு வருடமாகக் காணாமல் போன எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான்: ரூனேயின் மறதி. எங்கேயோ வைத்துவிட்டான். வயதாகிவிட்டது. உடைந்தது என்ற சொல் அங்கே ஒருமுறைகூட வந்ததில்லை.

"உடைச்சிட்டேன்" என்றான் ரூனே. "கை தவறி. மூணு தடவையும்."

சொல்லிவிட்டு சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காபி கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேசைவிரிப்பில் ஓடியது. மரீத்தா ஊற்றிக்கொண்டே ரூனேயைப் பார்த்தாள். மூன்று இடது கண்ணாடியும் உடையவில்லை என்பது உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள். தன்னைக் காக்கத்தான் அவன் பொய் சொல்கிறான், அவனுக்கும் தெரியும் என்பது அந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஐயையோ, போதும், போதும்!" என்றார் லெனார்ட், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி. துணி கொண்டுவந்து நான்தான் துடைத்தேன்.

வாசலில் காலணி மாட்டும்போது லெனார்ட் ரூனேயின் முதுகைத் தட்டினார். "இவ்வளவு நடுங்கற கையை வெச்சுக்கிட்டு இப்படி ஒரு வேலையா! நம்பவே முடியல."

8

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். கேரேஜ் கதவு பாதி திறந்திருந்தது. வேலைமேசையில் செய்தித்தாள் விரித்து, கைப்பிடி, திருகு, மூடி, மூன்று கண்ணாடிகள், எல்லாம் வரிசையாக. பனி உருகித் தாள் நனைந்திருந்தது.

இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. வேலிப் பக்கம் போய்ப் போய் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கேரேஜில் ஸ்பானர் விழும் ஓசை கேட்டது. பிறகு ரூனே அதைத் திட்டும் ஓசை.

அந்த இரண்டு நாளில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் நடு. அதை நான்கு முறை எழுதினேன். ஒன்றில் அவள் மன்னிப்புக் கேட்டாள். ஒன்றில் அவன். ஒன்றில் இருவரும் கத்திக்கொண்டார்கள், ஒரு தட்டு உடைந்தது. நான்காவதில் ரூனே "இத்தனை வருஷமா நான் உன்கிட்ட—" என்று தொடங்கினான். அவன் எப்படி முடிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டேன்.

கடைசியில் மரீத்தாவையே கேட்டேன்.

"ஒண்ணும் பேசலை" என்றாள். "அவன் மாட்டினான். நான் டார்ச் பிடிச்சேன்."

மே மாத இறுதியில் கார் அரசுப் பரிசோதனைக்குப் போனது. குறை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊரே திரும்பிப் பார்த்தது. ரூனே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினான். பேருந்து நிறுத்தம் வந்தபோது இருபதுக்கு இறங்கினான்.

"அடுத்த மாசம், மிட்சம்மர் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை நாலு மணிக்கு வா" என்றான். "முடிஞ்சதைக் கொண்டாடணும்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"காபி" என்றான் அவன். "வெறும் காபி. அவ கண்ணுக்கு முன்னாடி குடிக்கணும். கார் முடிஞ்சுது, கையில காபிக் கோப்பை, அவ்வளவுதான். அவளே பாக்கட்டும். அவ யாரையும் காவல் காக்க வேண்டாம்னு அவளுக்குத் தெரியட்டும். இதை முன்னாடியே அவகிட்ட சொல்லிடாதே, செலி. சொல்லி நம்ப மாட்டா. பாத்தா நம்புவா."

வீட்டுக்கு வந்ததும் அந்த முடிவை எழுதினேன். ஒரே பத்தி. சனிக்கிழமை, நான்கு மணி, பச்சைக் கார், மூன்று காபிக் கோப்பைகள், மரீத்தாவின் முகம். நன்றாகவே வந்திருந்தது. தங்கைக்கு அனுப்பினேன். "அப்பாடா" என்று ஒரு சொல் பதில் அனுப்பினாள். வேறு இரண்டு முடிவுகளும் வைத்திருந்தேன்: ஒன்றில் அவன் குடிக்கிறான்; ஒன்றில் மரீத்தாவே அவனுக்கு ஊற்றிக் கொடுக்கிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். இப்போது கேட்டால் தர என்னிடம் இல்லை.

9

இன்று அந்தச் சனிக்கிழமை. மூன்றேகால். அரசு மதுக்கடை மூன்று மணிக்கே மூடியிருக்கும். யாராவது எதையாவது வாங்கியிருந்தால் வாங்கியாகிவிட்டது. குளித்துவிட்டேன், சட்டை தேய்த்துவிட்டேன், பூங்கொத்து வாளியில் இருக்கிறது. நேரம் இருப்பதால் மாடி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து பிரதியில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குள் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருக்கிறது.

(இனி வருவதை நான் திருத்தவில்லை. நடக்க நடக்க எழுதுகிறேன்.)

தட்டையான முதுகுள்ள லாரி. அதன்மேல் சங்கிலி போட்டு ஏதோ கட்டியிருக்கிறது. மரீத்தா நீலக் கோடைக்கால கவுனில் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் வீசி வழிகாட்டுகிறாள். இன்னும் பின்னால், இன்னும், நில். சங்கிலிக்குள் இருப்பது ஒரு கார். கார் என்று சிறகை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. கண்ணாடி ஒன்றுகூட இல்லை. நிறம் முழுக்கத் துரு. முன்பக்கம் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு இளம் பிர்ச் மரம் இலையோடு எட்டிப் பார்க்கிறது.

மரீத்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டாள்.

"செலி! பாத்தியா? என் காசு! நானே வாங்கினேன்!"

"என்ன இது, மரீத்தா?"

"குறைஞ்சது இருபது வருஷம் ஆகும்னு வித்தவன் சத்தியம் பண்ணினான்!" ஊருக்கே கேட்கும்படி சிரிக்கிறாள். இப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "இருபது வருஷம், செலி! இந்தத் தடவை நான் ஒண்ணும் ஒளிக்க வேண்டாம். இதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை!"

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் இருந்தது. சொல்லாதே என்றான், சொல்லவில்லை. ஒரு பத்தி நன்றாக வந்துவிட்டது, அதையும் கெடுத்துக்கொள்ள மனமில்லை. இரண்டும் உண்மை.

கேரேஜ் கதவு மேலே போகிறது. ரூனே வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான். அவ்வளவுதான் பார்த்தேன். லாரி இன்னும் ஒரு அடி பின்னால் வந்து நின்று, எனக்கும் அவனுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டது.

"கிழவா!" மரீத்தா கூப்பிடுகிறாள். "வா! வந்து பாரு உனக்கு என்ன வந்திருக்குன்னு!"

லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். தெரு அமைதியாக இருக்கிறது. லாரிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, ரூனேயின் காலணிகள் மட்டும் தெரிகின்றன. பளபளவென்று துடைத்த கறுப்புக் காலணிகள். நகரவில்லை.

அவள் அவனுக்குக் கொடுப்பது இன்னும் இருபது வருடமா, இன்னும் இருபது வருடக் காவலா? அவளுக்கு முதலாவது. அவனுக்கு எது என்பது இப்போது அவன் முகத்தில் இருக்கும். நான் கீழே இறங்கிப் போனால் பார்க்கலாம். பார்த்துவிட்டால் எழுத வேண்டியிருக்கும். பதினாறு மாதம் எழுதியாயிற்று, எனக்கு முடியவில்லை.

லாரிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முகம் தெரியும். நான் பேனாவை மூடிவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டு மெதுவாக வருகிறேன். நான் வருவதற்குள் பார்த்து வையுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.